வீட்டு நாய்க்கு எவ்வளவு நடை வேண்டும்?

தோட்டத்து லயங்களில் நாய் வளர்க்காத வரிசையைக் காண்பது அரிது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் வீட்டுக்குக் காவல் வேண்டும். கோழிக்கூட்டுக்குக் காவல் வேண்டும். பாம்பு வந்தால் குரைத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆகவே நாய் வளர்க்கிறோம். சோறு போடுகிறோம். பிள்ளைகள் அதற்குப் பேர் வைத்துக் கொஞ்சுகிறார்கள். ஆனால் அந்த நாய்க்கு நடை வேண்டும், ஓட்டம் வேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

லயத்து வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"ஏன் அக்கா, நாய இப்படி நாள் முழுக்கக் கட்டியே வெச்சிருக்கீங்க?"

"அவுத்து விட்டா கோழியப் புடிச்சிடுது தங்கச்சி. பெரட்டுக்குப் போற ஆளுங்களப் பாத்துக் கொலைக்குது. என்ன பண்றது?"

அக்காள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாள் முழுவதும் கட்டிப் போடுவதும் தவறு, நாள் முழுவதும் அவிழ்த்து விடுவதும் தவறு. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த வேளையில், நாயின் உடலுக்கு ஏற்ற அளவு நடத்திக் கொண்டு வருவதே அந்த வழி. இதனால் நாய்க்கும் நன்மை, வீட்டுப் பிள்ளைகளுக்கும் நன்மை.

கட்டியே கிடந்தால் என்ன ஆகும்?

நாய் மோப்பம் பிடித்துத் திரியும் பிராணி. மூன்று முழச் சங்கிலியில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் அதன் உடல் ஊதிப்போகும், நகம் வளரும், கழுத்துப் பட்டை உரசிப் புண்ணாகும். அதைவிட மோசம் அதன் மனநிலை. வேலையில்லாமல் கிடக்கும் நாய் இரவெல்லாம் குரைக்கும். மண்ணைத் தோண்டும். செருப்பைக் கடித்துக் குதறும். அருகில் யார் வந்தாலும் சீறும். தப்பி ஓட வழியில்லாத பிராணி பயந்தால் கடிக்கத்தானே செய்யும்?

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டுச் செய்த ஓர் ஆய்வு 1994இல் வெளிவந்தது. கடித்த நாய்களிடையே, கட்டிப் போட்டு வளர்க்கும் பழக்கம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. கடிபடுவதும் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள்தாம். பந்தை எடுக்கவோ, நாயைத் தடவவோ சங்கிலிக்குள் போகும் பிள்ளைக்கு முகத்தில் கடி விழுகிறது. "நம்ம நாய் ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிவிட்டுப் பிறகு மருத்துவமனைக்கு ஓடுவதில் பயனில்லை.

அவிழ்த்து விட்டால் போதாதா?

"அப்படின்னா அவுத்து விட்டுடலாம், அதுவே ஓடியாடிட்டு வரும்" என்று சிலர் சொல்வார்கள். முன்பு அப்படித்தான் விட்டோம். இன்று அது ஆபத்து.

முதலாவது, செம்பனைத் தீம்பாரில் எலிக்கு வைக்கும் விஷம். அதைத் தின்ற நாய்க்கு, சில சமயம் விஷம் தின்ற எலியைத் தின்ற நாய்க்கும், சில நாள் கழித்து உடலுக்குள்ளேயே இரத்தம் கசியும். இரண்டாவது, களைக்கொல்லி மருந்து. பாராகுவாட்டுக்கு 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை இருக்கிறது. ஆனாலும் வேறு மருந்துகள் அடிக்கத்தான் செய்கிறார்கள். ஈரம் காயாத புல்லில் நடந்த நாய் தன் காலை நக்கும். மூன்றாவது, காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி. நான்காவது, பாம்பு. ஐந்தாவது, லாரியும் காரும் ஓடும் பெரிய சாலை.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் வெறிநாய்க்கடி நோய், அதாவது ரேபிஸ். இந்த நோய் ஒழிந்துவிட்டது என்று நாம் நிம்மதியாக இருந்த காலத்தில், 2015 ஜூலையில் பெர்லிசில் அது மறுபடி தலைகாட்டியது. கெடாவுக்குப் பரவி, செப்டம்பரில் நம் பினாங்குக்கும் வந்துவிட்டது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும்படி மாநிலத்தில் உத்தரவு பிறந்தது. அதற்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. கழுத்தில் பட்டையும் வில்லையும் இல்லாமல் தெருவில் திரிந்தால், வீட்டு நாய்க்கும் தெருநாய்க்கும் என்ன வித்தியாசம் தெரியும்? 2017இல் சரவாக்கில் இந்த நோய் பரவியது. அங்கு இதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இந்த நோயால் சாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாய்க்கடியால் நோய் கண்டவர்கள். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பவர் அநேகமாக இல்லை.

ஆகவே அவிழ்த்து விடுவது உடற்பயிற்சி ஆகாது. நாம் கூடவே போக வேண்டும்.

எவ்வளவு நேரம்?

எல்லா நாய்க்கும் ஒரே அளவு கிடையாது. பத்து வயதுப் பையனும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே வேலை செய்ய முடியுமா? கீழே தருவது பொதுவான கணக்கு.

நம் தோட்டங்களில் அதிகம் காணும் நாட்டு நாய்க்கு, ஒரு வயதுக்கு மேல் ஏழெட்டு வயதுக்குள் இருந்தால், நாளுக்கு ஒரு மணி நேரம் நடை நல்லது. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று பிரித்துக்கொள்ளலாம்.

அல்சேஷன், லாப்ரடார், ராட்வைலர் போன்ற பெரிய சாதி நாய்களுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி வரை தேவைப்படும். ஆனால் இவற்றின் ரோமம் அடர்த்தி. வெயில் தாங்காது. இடுப்பு மூட்டுக் கோளாறும் இந்தச் சாதிகளில் உண்டு. ஆகவே மேட்டில் ஓட வைப்பதைவிடச் சமதரையில் நடத்துவது மேல்.

பொமரேனியன் போன்ற சின்ன நாய்களுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் போதும். அதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

பக், பெக்கினீஸ், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுக் குழாய் குறுகல். காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம், அதுவும் குளிர்ந்த வேளையில் மட்டும். இவற்றை ஓட விடவே கூடாது.

குட்டி நாய்களுக்குப் பலரும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. குட்டியின் வயது எத்தனை மாதமோ, மாதத்துக்கு ஐந்து நிமிடம். நான்கு மாதக் குட்டிக்கு இருபது நிமிடம். இது கல்லில் எழுதிய விதியல்ல. எலும்பு முற்றாத குட்டியை வதைக்கக் கூடாது என்பதே இதன் கருத்து. தடுப்பூசிகள் போட்டு முடியும்வரை குட்டியை மற்ற நாய்கள் திரியும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வயதான நாயை நடையிலிருந்து அடியோடு நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மூட்டு இன்னும் இறுகிப்போகும். பத்துப் பதினைந்து நிமிடமாக, நாளுக்கு இரண்டு மூன்று தடவை, அதன் வேகத்துக்கே நடத்துங்கள்.

வருடக் கணக்கில் கட்டிக் கிடந்த நாயை முதல் நாளே ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் வாரம் பத்து நிமிடம். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம்.

போதுமா, அதிகமா என்பதை நாயே சொல்லும். நடந்து வந்து தண்ணீர் குடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தால் அளவு சரி. வீட்டுக்கு வந்தும் குதித்துக் கத்தினால் இன்னும் கொஞ்சம் வேண்டும். வழியில் பின்தங்கினாலோ, நடுவழியில் படுத்துவிட்டாலோ, மறுநாள் காலையில் நொண்டினாலோ அளவு மிஞ்சிவிட்டது.

மோப்பம் பிடிப்பதும் பயிற்சிதான். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று முகர்ந்தால் அதட்டி இழுக்காதீர்கள். நாம் பேப்பர் படிப்பது போலத்தான் அதற்கு அது. மழை நாளில் வெளியே போக முடியாவிட்டால், மூன்று கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, ஒன்றின் கீழே முள் எடுத்த மீன் துண்டை வைத்துத் தேட விடுங்கள். பிள்ளைகளுக்கும் விளையாட்டு, நாய்க்கும் வேலை.

வெயில்தான் எதிரி

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு அப்படியில்லை. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவே. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பினாங்குக் காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் துணி சீக்கிரம் காயாது அல்லவா? அதேபோல இரைக்கும் நாயின் சூடும் சீக்கிரம் தணியாது. நல்ல நிலையில் நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

ஆகவே காலை எட்டு மணிக்கு முன், மாலை ஆறரைக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். தார்ச் சாலையில் இறங்குமுன் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும்வரை கை பொறுக்கவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. புல் ஓரமாகவோ செம்மண் பாதையிலோ போங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டினால் நடையைக் குறைத்து, நாயை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சில இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் கயிற்றைக் கட்டி நாயைப் பின்னால் ஓட விடுகிறார்கள். தம்பிகளே, இதை விட்டுவிடுங்கள். எசமானைப் பின்தொடரும் நாய் தனக்கு முடியவில்லை என்று நிற்காது. விழும்வரை ஓடும்.

இரைப்பு நிற்காமல் சத்தமாக வந்தால், எச்சில் பசையாக வழிந்தால், ஈறு செக்கச்சிவந்தால், தள்ளாடினால், வாந்தி எடுத்தால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றி விசிறுங்கள். குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வையுங்கள். வாயில் பலவந்தமாக ஊற்ற வேண்டாம். ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள். அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். முதலில் குளிர வையுங்கள், பிறகு கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

வயிறு நிறையத் தின்ற நாயை உடனே நடத்தாதீர்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். பெரிய சாதி நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

நடத்தும் முறை

ஆறடி நீளமுள்ள நல்ல கயிறு அல்லது நாடா போதும். கம்பி வேண்டாம். கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். பெரிய நாயைச் சின்னப் பிள்ளையிடம் தனியாகக் கொடுத்து அனுப்பாதீர்கள். கடிக்கும் சுபாவமுள்ள நாய்க்கு வாய்க்கூடு போடுங்கள். நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்க இடம் விடும் கூடையாக அது இருக்கட்டும்.

அக்கம் பக்கத்தில் மலாய் அன்பர்கள் இருப்பார்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டியிருக்கும். ஆட்கள் எதிரே வந்தால் கயிற்றைக் குறுக்கிப் பிடித்து ஓரமாக நில்லுங்கள். சூராவ் வாசலைத் தவிர்த்து வேறு பாதையில் போங்கள். இந்தச் சின்ன மரியாதை பெரிய சண்டையைத் தடுக்கும்.

நாயின் மலத்தை அங்கேயே விட்டு வராதீர்கள். அதில் கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டைகள் இருக்கும். லயத்து வாசலில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள் கொக்கிப்புழுவின் குஞ்சு நுழைந்து, கோடு கோடாகத் தடித்து அரிக்கும். ஒரு பிளாஸ்டிக் பையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது கஷ்டமா?

ஊசியும் உரிமமும்

நாய்க்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும் கெடுவில் மறுபடி போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். தீவில் இருப்பவர்கள் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திலும், அக்கரையில் இருப்பவர்கள் செபராங் பிறை மாநகர் மன்றத்திலும் நாய் உரிமம் எடுக்க வேண்டும். கருத்தடை செய்த நாய் ஊர் சுற்றுவது குறையும். இதுபற்றி ஜெலுத்தோங்கில் உள்ள மிருகவதைத் தடுப்புச் சங்கத்திலும் விசாரிக்கலாம்.

2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் உணவும் இடமும் தருவதோடு நிற்கவில்லை. பிராணி தன் இயல்புப்படி நடந்துகொள்ள வழி செய்வதும் உடையவரின் கடமை என்கிறது. பிராணியை வதைத்தால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கும்.

யாரையாவது நாய் கடித்துவிட்டால், பிராண்டினாலும் சரி, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், கோப்பித் தூள் எதையும் அப்ப வேண்டாம். அன்றே அரசாங்கக் கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போங்கள். ஊசி தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

வாசகர் மனத்தில் எழக்கூடிய கேள்விகள்

"நாங்க ரெண்டு பேரும் விடியக்காலைலயே வேலைக்குப் போயிடறோம். நாயை யார் நடத்தறது?"

காலையில் பெரட்டுக்குக் கிளம்புமுன் பதினைந்து நிமிடம் ஒதுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் மாலை நடையை முக்கால் மணி ஆக்குங்கள். வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால் முறை வைத்துக்கொள்ளலாம். பகலில் சங்கிலிக்குப் பதில் பழைய தகரமும் கம்பி வலையும் கொண்டு நிழலான ஓர் அடைப்புக் கட்டி, தண்ணீர் வைத்துவிடுங்கள். அதற்கு இடமில்லை என்றால், இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் வளையம் போட்டுக் கயிற்றைக் கோத்தால் நாய் அங்குமிங்கும் நடக்கலாம். ஆனால் இவை நடைக்கு ஈடாகா.

"நடந்துட்டு வந்தா எங்க நாய் இருமுது. சளியா?"

சளி என்று விட்டுவிடாதீர்கள். கொசு கடிப்பதால் நாய்க்கு இதயப்புழு நோய் வரும். அந்தப் புழு ஓர் அடி நீளம்வரை வளர்ந்து இதயத்திலும் நுரையீரல் குழாயிலும் தங்கும். அந்த நிலையில் ஓட விட்டால் உயிருக்கே ஆபத்து. நடையை நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கடையில் மருந்து வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அதேபோல் நாய் சோர்ந்து, ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"தோட்டத்த விட்டுட்டு டவுன் பிளாட்டுக்குப் போறோம். நாயைக் கூட்டிட்டுப் போகலாமா?"

இந்தக் கேள்வி இன்று பல குடும்பங்களுக்கு உண்டு. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவானில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014இல் திறந்த இரண்டாவது பாலம் அங்கேதான் கரையேறுகிறது. தோட்டம் போனதும் பலர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்படிப் போகும்போது பழைய லயத்தில் நாயை விட்டுவிட்டுப் போவது பெரிய பாவம். சோறு போட ஆளில்லாமல் அது தெருநாயாகிவிடும், பிறகு பிடிபடும். ஜார்ஜ் டவுனில் வீடு பார்க்கும்போதே நாய் வைக்க அனுமதி உண்டா என்று கட்டட நிர்வாகத்திடம் கேளுங்கள். அனுமதி இல்லையென்றால், போவதற்குச் சில மாதம் முன்பே நாய்க்கு நல்ல வீடு தேடுங்கள். அனுமதி இருந்தால், வாசலில் திரிந்து பழகிய நாய்க்கு அங்கே வாசலே இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். அங்கே காலை நடையும் மாலை நடையும் தவறவே கூடாது.

கடைசியாக ஒரு வார்த்தை. நாள் முழுவதும் மரம் வெட்டி, குலை தூக்கி வீடு திரும்பியவரிடம் "நாயோடு நடங்கள்" என்று சொன்னால் கோபம் வரலாம். ஆனால் அந்த அரை மணி நேரம் நமக்கும் பயன்படும். குனிந்து நிமிர்ந்து வேலை செய்த முதுகுக்கு நிமிர்ந்து நடப்பது இதம். பிள்ளையையும் கூட அழைத்துப் போனால் அன்று பள்ளியில் நடந்த கதையைச் சொல்லிக்கொண்டே வரும். இன்று மாலை வெயில் தாழ்ந்ததும் சங்கிலியை அவிழ்த்துக் கயிற்றைக் கையில் எடுங்கள். முதல் நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.